வழி யாருடையது? ஆண்டீஸ் மலைப் பாதைகளின் வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை அதன் அரண்மனைகளைக் கொண்டு எழுதுவோர் உண்டு. அதன் போர்க்களங்களைக் கொண்டு எழுதுவோரும் உண்டு. அந்நாட்டு மக்கள் நடந்த வழிகளைக் கொண்டும் வரலாறு எழுதலாம். வழியை வெட்டியவர் யார், அதன்மேல் நடந்தவர் யார், சுமை தூக்கியவர் யார், அவ்வழியால் விளைந்த பயனைப் பெற்றவர் யார் என்னும் நான்கு வினாக்களுக்கு விடை காணப் புகின், அரசர்தம் புகழுரைகள் சொல்லாத செய்திகள் பல வெளிப்படும். தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பாதைகளின் வரலாறு இத்தகையது.

இன்று உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் அப்பாதைகளில் நடந்து இன்புறச் செல்கின்றனர். அவர்களுக்கு வழிகாட்டி, உணவு சமைத்து, கூடாரம் சுமந்து செல்வோருள் மிகப் பலர் அம்மலைவாழ் கெச்சுவா மக்கள். அவர்தம் முன்னோரே அப்பாதைகளை அமைத்தவர். அமைத்தவரின் வழித்தோன்றல்கள் அங்கே கூலியாட்களாக மட்டும் நடப்பதா, அன்றி வழியின் உரிமையாளராக நின்று விருந்தினரை வரவேற்பதா என்பதே கடந்த அரை நூற்றாண்டாக அம்மலைகளில் எழுந்து நிற்கும் வினா. அவ்வினாவின் வேர் ஐந்நூறு ஆண்டுகளுக்கு அப்பாலும் செல்கின்றது.

மலையும் மக்களும்

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி, வடக்கே வெனிசுவேலா முதல் தெற்கே சிலி, அர்சென்டினா ஈறாக, ஏழு நாடுகளின் ஊடே ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் நீண்டு கிடப்பது ஆண்டீஸ் மலைத்தொடர். அதன் மிக உயர்ந்த சிகரமாகிய அக்கொன்காகுவா 6,961 மீட்டர் உயரமுடையது. இத்துணை உயர்ந்த மலைகளில் மக்கள் விருந்தினர்போல் வந்து தங்கியவர் அல்லர். 3,000, 4,000 மீட்டர் உயரங்களிலும் படிக்கட்டு வயல்கள் அமைத்து, கால்வாய் வெட்டி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயிர் செய்து வாழ்ந்து வருபவர். நம் வீடுகளில் நாள்தோறும் வேகும் உருளைக்கிழங்கு அவர்கள் பண்படுத்தி உலகுக்கு அளித்த செல்வம். மிளகாயின் தாயகமும் தென்னமெரிக்காவே.

அம்மக்களின் சமூக வாழ்வுக்கு அடிப்படையாய் நின்றது 'அய்லு' எனப்படும் ஊர்ச் சமூகம். உறவு முறையாலும் பொதுநில உரிமையாலும் பிணைக்கப்பட்ட குடும்பங்களின் கூட்டம் அது. இன்று என் வயலில் நீ உழைத்தால், நாளை உன் வயலில் நான் உழைப்பேன் என்னும் கைம்மாற்று முறையை அவர்கள் 'அய்னி' என்பர். ஊர் முழுதும் கூடிப் பொதுப்பணி செய்வதை 'மின்கா' என்பர். இவ்விரு சொற்களையும் நினைவிற் கொள்க. பின்வரும் வரலாறு முழுவதும் இவ்விரண்டும் சிதைந்ததும், சிதையாமல் நின்றதும் பற்றியதே.

அரசரின் பெருவழி

15ஆம் நூற்றாண்டில் குஸ்கோ நகரைத் தலைநகராகக் கொண்டு இன்கா அரசு விரிந்தது. தம் நாட்டை அவர்கள் 'தவாந்தின்சுயு' என்றனர். நான்கு பகுதிகளின் கூட்டு என்பது அதன் பொருள். அந்நான்கு பகுதிகளையும் இணைத்தது 'கப்பாக் ஞான்' எனப்பட்ட பெருவழி. கடற்கரைப் பாலையிலும், பனி படர்ந்த கணவாய்களிலும், மழைக்காடுகளின் விளிம்பிலும் கிளைத்துச் சென்ற அவ்வழிகளின் மொத்த நீளம் 30,000 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. அவற்றுள் சில இன்காக்களுக்கு முன்பே வாரி முதலிய பழைய அரசுகளால் போடப்பட்டவை.

இவ்வழிகளில் சக்கரம் உருண்டதில்லை, குதிரையும் நடந்ததில்லை. சக்கர வண்டி அந்நாட்டில் வழக்கில் இல்லை. குதிரையோ பின்னாளில் ஸ்பானியரோடு வந்தது. சுமை சுமக்க இருந்த ஒரே விலங்கு லாமா. அதுவும் ஏறத்தாழ 30 கிலோவுக்குமேல் சுமந்து நெடுந்தொலைவு செல்லாது. எனவே மனிதக் கால்களுக்காகவே போடப்பட்ட வழி இது. செங்குத்தான இடங்களில் கல்லில் படிகள் வெட்டினர். பள்ளத்தாக்குகளைக் கடக்கப் புல்லால் திரித்த கயிறுகளைக் கொண்டு தொங்கு பாலங்கள் கட்டினர். ஏறத்தாழ ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாக 'தம்போ' எனப்பட்ட தங்கல் மனைகள் இருந்தன. நம் ஊர்ச் சத்திரங்களை அவற்றுக்கு ஒப்பிடலாம். அவற்றை அடுத்துத் தானியமும் துணியும் நிரம்பிய களஞ்சியங்கள் நின்றன. உவானுக்கோ பாம்பா என்னும் ஓர் இடத்தில் மட்டும் ஐந்நூற்றுக்கு அருகிலான களஞ்சியங்களின் அடித்தளங்களை அகழ்வாய்வாளர் கண்டுள்ளனர்.

'சாஸ்கி' எனப்பட்ட அஞ்சலோட்டர் சிறு குடில்களில் காத்திருந்து, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குச் செய்தியை மாற்றி ஓடினர். எழுத்து வழக்கில்லாத அந்நாட்டில் முடிச்சிட்ட கயிறுகளாகிய 'கிப்பு'களே கணக்கேடுகளாய் விளங்கின.

இவையனைத்தையும் செய்தவர் ஊர்ச் சமூகத்தாரே. ஒவ்வோர் அய்லுவும் முறைவைத்து அரசுக்கு உழைப்பளிக்க வேண்டும். இதற்கு 'மிட்டா' என்று பெயர். தம் எல்லைக்குட்பட்ட வழியையும் பாலத்தையும் பழுது பார்ப்பது அவ்வவ் ஊராரின் கடமை. உழைக்க வந்தவர்க்கு அரசு உணவும், மக்காச்சோள மதுவும், சில போது துணியும் அளித்தது. இம்முறையைப் பொற்காலம் எனப் புகழ்வோர் உளர். ஆயினும் உண்மையை முழுமையாகக் கூறல் வேண்டும். அரசின் ஆணை பெறாதார் பெருவழியில் விருப்பம்போல் செல்ல இயலாது. வென்ற நாட்டு மக்களைக் கூட்டங்கூட்டமாகப் பெயர்த்து நெடுந்தொலைவில் குடியேற்றுவதும் இன்காக்களின் வழக்கம். ஊரார் கட்டிய வழி ஊராருடையதாக அன்றும் இருக்கவில்லை, அரசருடையதாகவே இருந்தது. ஆனால் உழைப்புக்குக் கைம்மாறு உண்டு என்னும் அறம் அரசரையும் ஓரளவு கட்டுப்படுத்தியது. அடுத்து வந்தவர்கள் உடைத்தது அந்த அறத்தையே.

வழியே வினையாயிற்று

1532ஆம் ஆண்டு பிசாரோ என்னும் ஸ்பானியத் தலைவன் சிறு படையுடன் கஹாமார்க்கா நகரில் இன்கா அரசன் அத்தவால்ப்பாவைச் சிறைப்பிடித்தான். அடுத்த ஆண்டு அரசன் கொல்லப்பட்டான். அவ்வாண்டின் இறுதியில் ஸ்பானியர் குஸ்கோவுக்குள் நுழைந்தனர். அவர்களை அத்துணை விரைவாகத் தலைநகருக்குக் கொண்டு சேர்த்தவை இன்காக்கள் போட்ட பெருவழிகளே. வழியோரக் களஞ்சியங்களே அப்படைக்கு உணவும் அளித்தன. நாட்டை இணைக்கப் போட்ட வழி நாட்டை இழக்கவும் வழியாயிற்று.

அவ்வழிகளைக் கண்டு வியந்து எழுதிய ஸ்பானியர் பலர். அவருள் சீயெசா தெ லெயோன் என்பவர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். தென்னமெரிக்க மலைநாடுகளில் பல்லாண்டு பயணம் செய்து, தாம் கண்டவற்றை அவர் எழுதிய நூலின் முதற்பகுதி 1553இல் செவில் நகரில் அச்சாயிற்று. அவர் வியந்த வழிகள் அவர் காலத்திலேயே பாழ்படத் தொடங்கின. குதிரைக் குளம்புகள் கற்படிகளைச் சிதைத்தன. களஞ்சியங்களை நிரப்புவார் இல்லை. நோயாலும் போராலும் மக்கள் தொகை பெரிதும் குறைந்தது.

1570களில் தொலேதோ என்னும் அரசப் பிரதிநிதி, மலைகளெங்கும் பரவி வாழ்ந்த மக்களைப் பெயர்த்துப் புதிய ஊர்களில் அடைத்தார். மிட்டா என்னும் பழம்பெயர் நிலைத்தது, பொருள் மாறிற்று. 1545இல் வெள்ளி கண்டறியப்பட்ட பொத்தோசி சுரங்கத்துக்குப் பல மாவட்டங்களின் ஆடவருள் ஏழில் ஒரு பங்கினர் ஆண்டுதோறும் முறைவைத்துச் செல்லல் வேண்டும் என ஆணை பிறந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவை அவர்கள் மனைவி மக்களோடும் லாமாக்களோடும் நடந்து கடந்தனர். சென்றவருள் திரும்பாதவர் பலர். கூலியின்றியோ பெயருக்குக் கூலி தந்தோ வாங்கும் கட்டாய உழைப்பை 'வெட்டி' என நம் கல்வெட்டுகளும் குறிக்கும். அச்சொல்லின் கசப்பை அம்மலைவாழ் மக்கள் 1812ஆம் ஆண்டில் சுரங்க மிட்டா சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை சுவைத்தனர்.

இக்கொடுமைக்குச் சான்றாக நிற்கும் நூலொன்று அம்மண்ணின் மைந்தர் ஒருவரால் எழுதப்பட்டது. குவாமான் போமா தெ அயாலா என்னும் பெரியவர், பல்லாண்டுகள் மலைநாட்டில் ஊர் ஊராகச் சுற்றி, தாம் கண்ட அநீதிகளை ஸ்பானிய மன்னனுக்கு முறையீடாக எழுதினார். 1615ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்ற அம்முறையீடு ஏறத்தாழ 1,200 பக்கங்களும் 400க்கு அருகிலான கோட்டோவியங்களும் கொண்டது. சங்கு ஊதிக்கொண்டு ஓடும் அஞ்சலோட்டரும், அடிபடும் குடியானவரும் அவர் ஓவியங்களில் இன்றும் உயிருடன் நிற்கின்றனர். நாட்டுத் தங்கல் மனைகளின் பட்டியலையும் அவர் தந்துள்ளார். அம்முறையீட்டுக்கு மன்னன் விடை அளித்ததாகச் சான்றில்லை. 1908இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் அரச நூலகத்தில் அது கண்டறியப்பட்டது. 1936இல் பாரிசு நகரில் அச்சேறியது. வழிநடந்து எழுதிய ஒருவரின் குரல் உலகின் செவியை எட்ட முந்நூறு ஆண்டுகள் ஆயின.

ஒரு மரப்பட்டையின் பயணம்

இம்மலைப் பாதைகளுக்கும் நம் நீலகிரிக்கும் ஒரு தொடர்பு உண்டு. மலேரியாக் காய்ச்சலைத் தணிக்கும் கொய்னா மருந்து, சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. அம்மரம் ஆண்டீஸ் மலைச்சரிவுக் காடுகளுக்கே உரியது. 1860இல் ஆங்கில அரசின் சார்பில் கிளமென்ட்சு மார்க்கம் என்பவர் பெருவின் கராபாயா மலைகளில் நாற்றுகளைத் திரட்டினார். உள்ளூரார் எதிர்ப்பு வலுத்தமையால் விரைந்து வெளியேறினார். அவர் திரட்டிய நாற்றுகள் நிலைக்கவில்லை. அதே ஆண்டு ரிச்சர்டு சுப்ரூசு என்னும் தாவர அறிஞர் எக்குவதோரின் சிம்போராசோ மலைச்சரிவுகளில் திரட்டிய செம்பட்டை வகையின் விதைகளும் நாற்றுகளுமே உதகமண்டலத்தில் வேரூன்றின. நடுவட்டத்திலும் பிற இடங்களிலும் தோட்டங்கள் எழுந்தன. பின்னர் ஆனைமலையில் எழுந்த தோட்டம் ஒன்றின் பெயராகவே சிங்கோனா என்னும் ஊர் வால்பாறைக்கு அருகில் உள்ளது.

மார்க்கம், சுப்ரூசு என்னும் பெயர்கள் நூல்களில் உள்ளன. காட்டுக்குள் மரம் எங்கே நிற்கிறது என்று காட்டியவர்களையும், பட்டை உரித்தவர்களையும், நாற்றுப் பெட்டிகளை மலைக்கு இப்பால் சுமந்து இறக்கியவர்களையும் நூல்கள் பெயர் சொல்லிப் போற்றவில்லை. மலைக்கு வந்து சென்ற பயணிகளின் வரலாற்றில் இவ்விடைவெளி மீண்டும் மீண்டும் காணப்படுவதாகும்.

குடியரசின் சாலை

1821இல் பெரு விடுதலை அறிவித்தது. ஆனால் நிலம் பண்ணையார்களிடமே குவிந்தது. ஊர்ச் சமூகங்களின் பொதுநிலங்கள் பலவும் பண்ணைகளுக்குள் மறைந்தன. பண்ணை நிலத்தில் ஒரு துண்டு பயிரிட்டுக்கொள்ள விடப்பட்ட குடியானவன், அதற்கீடாகப் பண்ணையார் வயலிலும் வீட்டிலும் கூலியின்றி உழைத்தான். 1920இல் லெகீயா அரசு சாலைக் கட்டாயப் பணிச் சட்டம் ஒன்றைக் கொணர்ந்தது. 18 முதல் 60 வயது வரையுள்ள ஆடவர் ஒவ்வொருவரும் வயதுக்கேற்ப ஆண்டுக்கு 6 அல்லது 12 நாள் சாலை போட வேண்டும். பணம் கட்டினால் விலக்கு உண்டு. சட்டம் அனைவருக்கும் பொதுவாக எழுதப்பட்டது. பணம் இல்லாத மலைவாழ் மக்கள் தோளிலேயே அது விழுந்தது. 1930இல் ஆட்சி மாறியபோது அச்சட்டம் நீக்கப்பட்டது.

அதே காலத்தில் நிகழ்ந்த வேறொன்றும் உண்டு. பூக்கியோ என்னும் மலைநகரின் அய்லுக்கள் தாமே கூடி, தம் பொதுமுடிவால், கடற்கரையை நோக்கி ஒரு சாலையை மிக விரைவாகப் போட்டு முடித்தனர். கெச்சுவா மக்களிடையே வளர்ந்து ஸ்பானிய மொழியில் எழுதிய பெரும் எழுத்தாளர் ஹொசே மரியா அர்கேதாஸ், 1941இல் வெளியிட்ட 'யாவார் பியெஸ்தா' என்னும் புதினத்தில் இந்நிகழ்ச்சியைப் போற்றி எழுதினார். ஒரே மக்கள், ஒரே மண்வெட்டி, ஒரே மலை. கட்டாயத்தால் செய்தபோது அப்பணி அவர்களை ஒடுக்கியது; தம் முடிவால் செய்தபோது அதுவே அவர்களுக்குப் பெருமை தந்தது. பின்னாளில் எழுந்த ஊர்ச் சமூகச் சுற்றுலாவின் கருவை இதனுள்ளே காணலாம்.

மாச்சு பிச்சுவும் சுமையாளரும்

1911ஆம் ஆண்டு சூலை 24ஆம் நாள் அமெரிக்கப் பேராசிரியர் ஹைரம் பிங்கம், மாச்சு பிச்சு என்னும் இடிபாட்டு நகரை அடைந்தார். அவரை மலைமேல் அழைத்துச் சென்றவர் மெல்சோர் அர்தியாகா என்னும் உள்ளூர் உழவர். அதற்கு அவர் பெற்ற கூலி ஒரு வெள்ளிக் காசு. மேலே சென்றபோது அங்குக் குடியானவக் குடும்பங்கள் பழைய படிக்கட்டு வயல்களில் பயிர் செய்து வாழ்ந்திருந்தன. அக்குடும்பச் சிறுவன் ஒருவனே இடிபாடுகளைச் சுற்றிக் காட்டினான். 'காணாமற்போன நகரம்' என உலகு கொண்டாடிய இடம் அவ்வூர்க்காரர்க்கு ஒருநாளும் காணாமற் போனதில்லை. அங்கிருந்து யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற தொல்பொருள்கள் நூறாண்டு கழித்து, 2011, 2012 ஆண்டுகளில்தான் பெருவுக்குத் திரும்பின.

மாச்சு பிச்சுவுக்குச் செல்லும் பழைய கற்பாதை இன்று 'இன்கா பாதை' என வழங்குகிறது. அதன் நடை ஏறத்தாழ 43 கிலோமீட்டர். நான்கு நாட் பயணம். அதன் உயர்ந்த கணவாய் 4,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1970கள் முதல் அயல்நாட்டு இளைஞர் முதுகுப் பைகளுடன் இவ்வழியில் நடக்கலாயினர். பின்பு பயண நிறுவனங்கள் தோன்றின. பயணிகளுக்குக் கூடாரம், நாற்காலி, மேசை, அடுப்பு, எரிவளி உருளை அனைத்தையும் சுமப்பதற்குச் சுற்றுப்புற ஊர்களின் குடியானவர் அமர்த்தப்பட்டனர். 1969இல் வேலாஸ்கோ அரசின் நிலச்சீர்திருத்தம் பண்ணைகளை உடைத்திருந்தது. குடியானவர் கைக்கு நிலம் வந்தது. ஆனால் அச்சிறு நிலம் குடும்பத்துக்குப் போதவில்லை. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட காலத்தில் காசு வேண்டி அவர்கள் சுமை தூக்க வந்தனர்.

முப்பது, நாற்பது கிலோச் சுமையைத் தோளிலும் முதுகிலும் கட்டி, கார் டயரில் வெட்டிய செருப்பணிந்து, அவர்கள் பயணிகளுக்கு முன்னே ஓடினர். பயணி வந்து சேர்வதற்குள் கூடாரம் எழுந்து நிற்கவேண்டும். இரவில் உணவுக் கூடாரத்தின் தரையே அவர்களுக்குப் படுக்கை. இன்காவின் அஞ்சலோட்டனுக்குக் களஞ்சியத்திலிருந்து உணவும் உடையும் கிடைத்தன. இவர்களுக்கோ எஞ்சியதே உணவு. பல்லாண்டு முறையீட்டுக்குப் பின் 2001 டிசம்பரில் பெரு நாட்டுப் பாராளுமன்றம் சுமையாளர் சட்டத்தை நிறைவேற்றியது. ஒருவர் சுமக்கும் சுமை 20 கிலோவுக்கு மேற்படலாகாது. குறைந்தபட்ச நாட்கூலி, உணவு, படுக்கை வசதி, காப்பீடு ஆகியவை தரப்படல் வேண்டும் என்று அது விதித்தது. பாதையின் தொடக்கத்தில் சுமைகளை நிறுத்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. சட்டம் ஏட்டில் இருப்பதும் மலையில் நடப்பதும் ஒன்றல்ல என்று சுமையாளர் அமைப்புகள் தொடர்ந்து குரல் கொடுத்தன. 2022இல் புதிய சட்டமொன்று அதன் இடத்தைப் பெற்றது.

பாதை தேயாமல் இருக்க நாளொன்றுக்கு 500 பேருக்கு மேல் அதில் நுழையலாகாது என்ற வரம்பும் ஏற்பட்டது. அந்த ஐந்நூற்றுவருள் பயணிகள் ஏறத்தாழ இருநூற்றுவரே. எஞ்சியோர் வழிகாட்டிகளும் சமையற்காரரும் சுமையாளரும். இன்கா பாதையில் நடப்பவருள் பாதிக்கு மேற்பட்டோர் இன்பத்துக்காக நடப்பவர் அல்லர் என்பதை அந்த எண்ணிக்கையே கூறும்.

தாக்கீலே தீவு

சட்டம் சுமையைக் குறைக்கும்; உரிமையை அது தானே தந்துவிடாது. உரிமையைத் தாமே தேடிக்கொண்ட மக்களின் கதை தித்திகாகா ஏரியில் நிகழ்ந்தது. கடல்மட்டத்துக்கு மேல் 3,810 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்வேரியில் தாக்கீலே என்னும் சிறு தீவு உண்டு. கெச்சுவா மொழி பேசும் அத்தீவினர் பண்ணையார்களின் கீழ்க் குடியானவராய் இருந்து, 1930கள், 1940களில் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தம் தீவைத் தாமே விலைக்கு வாங்கினர். நாடு தழுவிய நிலச்சீர்திருத்தத்துக்கு ஒரு தலைமுறை முன்னரே அவர்கள் தம் நிலத்துக்கு உடையவராயினர். பின்வந்த அனைத்துக்கும் இதுவே அடித்தளம்.

அத்தீவில் ஆடவர் தொப்பி பின்னுவர். மகளிர் இடைக்கச்சை நெய்வர். ஆண்டின் உழவுப் பணிகளையும் விழாக்களையும் உருவங்களாகக் காட்டும் நாட்காட்டிக் கச்சை அவர்தம் கைவினையின் சிகரம். 1970களின் நடுவில் பயணக் கையேடு ஒன்றில் தீவின் பெயர் இடம்பெற, அயல்நாட்டார் வரத்தொடங்கினர். தீவினர் கூடி முடிவு செய்தனர். குடும்பங்கள் சேர்ந்து படகுகள் வாங்கின; பயணிகளைத் தம் படகுகளிலேயே ஏற்றி வந்தன. இறங்கும் ஒவ்வொரு விருந்தினரையும் முறைவைத்து ஒவ்வொரு வீட்டுக்கு அனுப்பினர். நெசவுப் பொருள்களைப் பொதுக்கடையில் ஒரே விலைக்கு விற்றனர். விடுதி கட்ட வெளியாருக்கு நிலம் விற்கப்படவில்லை. அய்னியும் மின்காவும் புதிய தொழிலொன்றில் புத்துயிர் பெற்றன.

இவ்வெற்றிக்கும் இடையூறு வந்தது. 1990களில் தனியுரிமைகளை நீக்கும் அரசின் கொள்கை வந்தபோது, கரையிலுள்ள பூனோ நகரத்தின் தனியார் படகுகள் தீவுக்கு வரத் தொடங்கின. காலையில் வந்து நண்பகலில் உண்டு மாலையில் திரும்பும் கூட்டம் பெருகியது. வீடுகளில் தங்குவோர் குறைந்தனர். வருவோர் தொகை கூடியும் தீவினர்க்குக் கிடைத்த பங்கு சுருங்கியது. எத்தனை பேர் வந்தனர் என்பதைவிட, யாருடைய படகில் வந்தனர், யார் வீட்டில் உண்டனர் என்பதே பெரிது என்னும் பாடத்தைத் தாக்கீலே கற்பித்தது. 2005இல் அத்தீவின் நெசவுக்கலையை யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

புல்லால் ஒரு பாலம்

அப்பூரிமாக் ஆற்றின் மேற்பகுதியில், கெயுவே வட்டாரத்தில், கெஸ்வாச்சாக்கா என்னும் புற்பாலம் உள்ளது. நீளம் ஏறத்தாழ 28 மீட்டர். இன்கா பெருவழியின் பாலங்களுள் பழைய முறைப்படி இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருவது இது. நான்கு ஊர்ச் சமூகங்கள் ஆண்டுதோறும் சூன் மாதத்தில் கூடுகின்றன. ஒவ்வொரு குடும்பமும் மலைப்புல்லை அறுத்துக் கயிறாகத் திரித்துக் கொண்டுவரும். சிறு கயிறுகளைச் சேர்த்துப் பெருங்கயிறுகளாக முறுக்குவர். மண்தாய்க்கும் மலைத் தெய்வங்களுக்கும் படையலிட்ட பின், பழைய பாலம் ஆற்றில் அறுத்து விடப்படும். மூன்று நாட்களில் புதுப்பாலம் முடியும். நான்காம் நாள் ஆடலும் பாடலும்.

சற்றுத் தொலைவில் வண்டிகள் செல்லும் இக்காலப் பாலம் ஒன்று உண்டு. ஆற்றைக் கடக்க மட்டும் எனில் புற்பாலம் தேவையில்லை. நான்கு ஊரும் கூடுவதற்கு அது தேவைப்படுகிறது. 2013இல் யுனெஸ்கோ இதனை மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. 2014இல் ஆறு நாடுகளில் பரந்த பெருவழியும் உலக மரபுச் சின்னமாயிற்று. இப்போது பாலம் கட்டும் நாட்களில் பயணிகள் வந்து காண்கின்றனர். 2020இல் கொள்ளைநோயால் மக்கள் கூட இயலவில்லை. புதுப்பிக்கப்படாத பாலம் 2021 மார்ச்சில் அறுந்து வீழ்ந்தது. அவ்வாண்டு சூன் மாதத்தில் நான்கு ஊராரும் மீண்டும் கூடிப் புதிய பாலம் கட்டினர். ஓராண்டு கைகள் கூடாவிடின் பாலம் நிற்காது என்பதை ஆறே எடுத்துக்காட்டிற்று.

விருந்தும் உரிமையும்

இத்தகைய முயற்சிகள் இன்று பல இடங்களில் உள்ளன. குஸ்கோவுக்கு அருகே பீசாக் பள்ளத்தாக்கில் ஆறு ஊர்ச் சமூகங்கள் சேர்ந்து 'உருளைக்கிழங்குப் பூங்கா' ஒன்றை அமைத்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட கிழங்கு வகைகளை அவர்கள் மலையின் பல உயரங்களில் பயிரிட்டுக் காக்கின்றனர். லிமாவிலுள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு ஆய்வு நிலையம் முன்பு திரட்டிச் சென்ற வகைகளைத் திரும்பத் தருவதற்கு 2004இல் அவர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. அங்கு நடக்க வரும் பயணிக்கு ஊராரே வழிகாட்டுவர்; ஊர்க் கிழங்கே உணவு; வருவாயில் ஒரு பகுதி பொது நிதிக்குச் செல்லும். விருந்தினர் காண வருவது இடிபாட்டை அன்று, உயிருள்ள உழவை.

இம்முறையில் குறை இல்லை எனல் பொருந்தாது. புகழ்பெற்ற மலைக்காட்சிகளை ஒட்டி, நுழைவுக் கட்டணம் யாருக்கு உரியது என்று அண்டை ஊர்கள் பூசலிட்டதுண்டு. படகு வாங்க இயன்ற குடும்பத்துக்கும் இயலாத குடும்பத்துக்கும் இடையே வேற்றுமை வளர்ந்ததுண்டு. பயணிகளின் வருகையை மட்டும் நம்பும் வாழ்வு எத்துணை நொய்யது என்பதையும் வரலாறு இருமுறை காட்டியது. 1980 முதல் 2000 வரை பெருவில் நடந்த உள்நாட்டு வன்முறையில் ஏறத்தாழ 69,000 பேர் மாண்டனர் என உண்மை அறியும் ஆணையம் 2003இல் கணித்தது. மாண்டவருள் நால்வரில் மூவர் கெச்சுவா முதலிய மண்ணின் மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர். மீண்டும் 2020இல் பெருந்தொற்று வந்தபோது பாதைகள் மூடப்பட்டன. சுமையாளர் ஊர் திரும்பினர். தலைநகர் லிமாவில் பிழைப்பிழந்த ஆயிரக்கணக்கானோர் மூட்டையும் குழந்தையுமாக மலையூர்களை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டனர். அதே ஆண்டு நம் நாட்டு நெடுஞ்சாலைகளில் நடந்த தொழிலாளரைக் கண்ட நமக்கு அக்காட்சியை விளக்க வேண்டுவதில்லை.

அந்நாளில் திரும்பியவர்களுக்கு உணவளித்தது சொந்த மண்ணில் விளைந்த கிழங்கு. தாங்கி நின்றது ஊர்ச் சமூகம். உழவைக் கைவிடாமல் விருந்தோம்பலைத் துணைத்தொழிலாகக் கொண்ட ஊர்கள் நிலைத்து நின்றதன் காரணம் இதுவே. பிழைப்புக்காகப் பிறந்த ஊரைவிட்டு வந்து வாழும் நம்போன்றோர்க்கு இதன் அருமை எளிதிற் புலப்படும். மலையூர் இளைஞன் ஒருவன் நகரத்துக்குப் போகாமல், தன் தாய்மொழியில் மலைகளின் பெயரைச் சொல்லி, தன் வயலைக் காட்டி, தன் வீட்டில் விருந்தளித்து வாழ முடியுமாயின், அவ்வூரில் மொழியும் நெசவும் விதையும் அவனோடு சேர்ந்து வாழும். அவன் போய்விட்டால் பாதை மட்டும் எஞ்சும். அதை விளக்கிச் சொல்ல அயலார் அச்சிட்ட கையேடு மட்டும் எஞ்சும்.

அரசர் ஆணையிட்ட காலத்தில் அவ்வழி அரசருடையது. வெள்ளி சுமந்த காலத்தில் அது ஸ்பானியருடையது. பணம் கட்டினால் விலக்கு என்ற காலத்தில் அது பணக்காரருடையது. கூடாரம் சுமந்த காலத்தில் அது பயண நிறுவனங்களுடையது. தாக்கீலேயின் படகுத்துறையிலும், கெஸ்வாச்சாக்காவின் கயிற்றிலும், பீசாக்கின் கிழங்கு வயலிலும் அது அதனை அமைத்தவரின் மக்களிடம் மெல்லத் திரும்பிக் கொண்டிருக்கிறது. அம்மலைகளுக்குச் செல்லும் வாய்ப்பு நம் பிள்ளைகளுள் எவர்க்கேனும் கிட்டுமாயின், கணவாயின் உயரத்தைக் கேட்பதற்கு முன் தம் பையைச் சுமப்பவரின் பெயரையும் ஊரையும் கேட்டறிக. ஐந்நூறு ஆண்டு வரலாறு எழுதாமல் விட்ட பெயர்கள் அவை.